வாசலருகே ஒரு தனிக்குரல்

ஆண்டுதோறும் டிசம்பர் 24 அன்று பிற்பகல் மூன்று மணிக்கு, இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில் கிங்ஸ் கல்லூரிக்குச் சொந்தமான ஆலயத்தின் மேற்கு வாசலருகே நின்று, குரல் உடையாத ஒரு சிறுவன் எந்த இசைக்கருவியின் துணையும் இல்லாமல் ஒரு பாடலின் முதல் சரணத்தைப் பாடுகிறான். ‘ஒன்ஸ் இன் ராயல் டேவிட்ஸ் சிட்டி’ என்று தொடங்கும் அந்தப் பாடல், தாவீது அரசனின் ஊராகிய பெத்லகேமில் ஒரு மாட்டுத்தொழுவத்தில் குழந்தை இயேசு பிறந்ததைச் சொல்வது. ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும் இந்தத் தனிப்பாடலோடுதான் ‘ஒன்பது பாடங்களும் கேரல்களும்’ எனப்படும் வழிபாடு தொடங்குகிறது. அதை பி.பி.சி. வானொலி வழியே உலகின் பல நாடுகளில் உள்ளோர் அந்த நேரத்திலேயே கேட்கின்றனர். அவர்களுள் பலருக்குக் கிறிஸ்துமஸ் தொடங்குவதே அந்தக் குரல் எழும்போதுதான்.

கேரல் என்னும் சொல் இடைக்கால ஐரோப்பாவில் வட்டமாக நின்று ஆடிப் பாடிய பாட்டைக் குறித்தது. பின்னர் அது மக்கள் வழக்கில் இருந்த பண்டிகைப் பாட்டுக்கும், நாளடைவில் கிறிஸ்துமஸ் பாட்டுக்கும் உரிய பெயராயிற்று. அந்தக் கண்டிப்பான பொருளில் பார்த்தால் இந்தப் பாடல் கேரலே அன்று. ஆசிரியர் பெயரும் வெளிவந்த ஆண்டும் தெரிந்த, தேவாலயத்துக்கெனவே எழுதப்பட்ட ஞானப்பாட்டு அது. ஆயினும் நூறு ஆண்டுகளுக்கு மேலாக ஒரே நாளில், ஒரே இடத்தில், ஒரே வேலைக்காகப் பாடப்பட்டு வந்ததால், பழங்கேரல்களுக்கும் இல்லாத ஒரு மரபுரிமை அதற்கு வாய்த்துவிட்டது.

பாடலை எழுதியவர் 1818இல் டப்ளின் நகரில் பிறந்த செசில் ஃபிரான்சஸ் ஹம்ஃப்ரீஸ். பின்னாளில் அயர்லாந்து ஆங்கிலிக்கன் சபையின் பேராயராக உயர்ந்த வில்லியம் அலெக்சாண்டரை 1850இல் மணந்தபின், திருமதி அலெக்சாண்டர் என்ற பெயராலேயே அவர் அறியப்பட்டார். திருமணத்துக்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், 1848இல், ‘சிறு குழந்தைகளுக்கான ஞானப்பாட்டுகள்’ என்ற பொருள்படும் தலைப்பில் அவர் வெளியிட்ட நூலுக்கு ஒரு திட்டம் இருந்தது. கிறிஸ்தவர்கள் தாங்கள் நம்புவது இன்னது என்று அறிக்கையிடும் விசுவாசப் பிரமாணத்தின் ஒவ்வொரு வரிக்கும் ஒரு பாடல் என்ற முறையில், வறண்ட மறைக்கல்வியைக் குழந்தைகளின் மொழிக்குக் கொண்டுவருவதே அத்திட்டம். வானத்தையும் பூமியையும் படைத்தவர் என்ற வரிக்கு ‘ஆல் திங்ஸ் பிரைட் அண்ட் பியூட்டிஃபுல்’, சிலுவையில் அறையப்பட்டார் என்ற வரிக்கு ‘தேர் இஸ் எ கிரீன் ஹில் ஃபார் அவே’, கன்னி மரியிடம் பிறந்தார் என்ற வரிக்கு இந்தப் பாடல். அயர்லாந்தில் பெரும்பஞ்சம் தலைவிரித்தாடிய ஆண்டுகளில் அந்நூல் வெளிவந்தது என்பதையும், அதன் வருவாய் ஸ்ட்ரபேன் நகரில் காது கேளாத பிள்ளைகளுக்காக நடந்த பள்ளிக்கு உதவியது என்பதையும் மனத்தில் கொள்ள வேண்டும். கேட்க இயலாத குழந்தைகளுக்கு உதவிய ஒரு பாட்டுநூலிலிருந்து எழுந்தது, இன்று உலகின் பல மூலைகளில் உள்ளோர் காதைத் தீட்டிக்கொண்டு கேட்கும் பாட்டு.

அடுத்த ஆண்டே, 1849இல், ஹென்றி ஜான் காண்ட்லெட் அதற்கு மெட்டமைத்தார். வழக்கறிஞராகவும் ஆர்கன் கலைஞராகவும் விளங்கிய அவர், இசையமைப்பாளர் மெண்டல்சனின் ‘எலியா’ என்னும் பெரும் இசைப்படைப்பு 1846இல் பர்மிங்ஹாமில் முதன்முறை அரங்கேறியபோது ஆர்கன் வாசித்தவர். ஆர்கன் என்பது உலோகக் குழாய்களிலும் மரக் குழாய்களிலும் காற்றைச் செலுத்தி ஒலியெழுப்பும் பெரிய தேவாலய இசைக்கருவி. ‘இர்பி’ என்று பெயரிடப்பட்ட அவருடைய மெட்டு மிக எளியது. மேற்கத்திய இசையில் மேஜர் என வழங்கும் அதன் ஸ்வர வரிசை நம் சங்கராபரணத்தின் ஸ்வர வரிசையே ஆதலால், அதன் போக்கைத் தமிழ்ச் செவிக்கு விளக்குவது கடினமன்று. கமகம் ஏதுமின்றி, ஒவ்வொரு ஸ்வரமும் நேர்கோடாக நிற்க, பாடல் கீழ்ஸ்தாயிப் பஞ்சமத்தில் தொடங்கி, நிஷாதத்தைத் தொட்டு, சட்ஜத்தில் வந்து ஊன்றுகிறது. இரண்டாம் அடி அங்கிருந்து காந்தாரம் வழியாக மத்திய ஸ்தாயிப் பஞ்சமத்துக்கு ஏறி மீண்டும் சட்ஜத்துக்கு இறங்குகிறது. மூன்றாம் நான்காம் அடிகள் அதே இசையில் அமைகின்றன. ஐந்தாம் அடியில்தான் குரல் முதன்முறையாகத் தைவதத்தை எட்டுகிறது. பாடலின் உச்சம் அந்தத் தைவதமே. அதற்கு மேல் எதுவும் இல்லை. பிள்ளைகள் பள்ளியில் பாடுவதற்கென அளந்து தைத்த சட்டை போன்ற மெட்டு அது. திறமையைக் காட்டச் சங்கதி இல்லை, ஒளிந்துகொள்ள அலங்காரமும் இல்லை.

இந்த எளிமையே பாடுபவனுக்குப் பெரும் சோதனையாகிறது. ட்ரெபிள் எனப்படும் சிறுவர் மேற்குரலில், வளர்ந்த பாடகர்கள் இயல்பாகச் சேர்க்கும் அதிர்வு மிகக் குறைவு. ஆகவே சுருதி இம்மியளவு விலகினாலும் அதை மறைக்க ஒன்றும் இருப்பதில்லை. தொடக்கமே கீழ்ப் பஞ்சமமாக இருப்பதால், சிறுவர் குரல் மிகவும் வலுவிழக்கும் இடத்தில், முழு அமைதியின் நடுவே, முதல் ஒலி பிறக்க வேண்டியிருக்கிறது. முதல் சரணம் முடிந்ததும் பாடகர் குழு முழுவதும், அதுவும் துணைக்கருவியின்றி, நான்கு குரல் இணைப்பில் இரண்டாம் சரணத்தைப் பாடுகிறது. மூன்றாம் சரணத்தில்தான் ஆர்கன் முழங்க, கூடியிருக்கும் மக்களும் சேர்ந்துகொள்கின்றனர். சிறுவன் சுருதியை அரைக்கால் அளவு தளரவிட்டால், இரண்டு சரணங்கள் கழித்து ஆர்கன் ஒலிக்கும்போது அந்த வேறுபாடு உலகம் முழுவதற்கும் கேட்கும். ஆர்கன் தன் சுருதியில்தான் இருக்கும்; அது யாருக்காகவும் இறங்கி வராது.

அந்தச் சிறுவன் யார் என்பது பற்றி ஒரு வழக்கம் உண்டு. 1982 முதல் 2019 வரை இசை இயக்குநராக இருந்த ஸ்டீஃபன் க்ளியோபரி, குழுவில் ஒன்றுக்கு மேற்பட்ட சிறுவர்களை இந்தத் தனிப்பாடலுக்குப் பழக்கி வைத்துக்கொண்டு, ஒலிபரப்பு தொடங்கும் தறுவாயில்தான் அவர்களுள் ஒருவனைக் கையால் சுட்டி அழைப்பார். கேட்பதற்குக் கொடுமையாகத் தோன்றும் இவ்வழக்கத்தின் நோக்கம் உண்மையில் இரக்கமே. இன்னார்தான் பாடப்போகிறார் என்று பல நாட்களுக்கு முன்பே அறிவித்தால், அந்தப் பிள்ளை உறக்கமின்றி அஞ்சி நாட்களைக் கழிப்பான். கடைசி நொடியில் அழைத்தால் அஞ்சுவதற்கு நேரமே இருப்பதில்லை. மேலும், டிசம்பர் மாதக் குளிரில் எந்தப் பிள்ளையின் தொண்டை எந்த நாளில் கட்டிக்கொள்ளும் என்று யாரும் உறுதி கூற முடியாது. ஆனால் இதன் விளைவு இசை சார்ந்ததாகவும் அமைந்துவிட்டது: அந்தக் குரலில் ஒத்திகையின் மெருகைக் காட்டிலும் விழிப்பு மிகுதியாக இருக்கிறது. முன்கூட்டியே முடிவான அரங்கேற்றத்தில் கிடைக்காத ஒரு புதுமை அதில் கேட்பதற்கு இதுவே காரணம்.

குரலுக்கு அடுத்துக் கட்டடத்தைச் சொல்ல வேண்டும். அரசர் ஆறாம் ஹென்றி 1446இல் அடிக்கல் நாட்டிய இந்த ஆலயத்தின் கற்கூரை, விசிறியை விரித்தாற்போன்ற வளைவுகளால் ஆனது. ஜான் வேஸ்டெல் என்ற சிற்பியின் தலைமையில் 1512க்கும் 1515க்கும் இடையே கட்டப்பட்ட அது, உலகிலேயே மிகப் பெரிய விசிறிக்கூரை எனப்படுகிறது. ஏறக்குறைய 88 மீட்டர் நீளமும் 12 மீட்டர் அகலமும் 24 மீட்டர் உயரமும் கொண்ட, நீண்டு குறுகிய அந்தக் கல்வெளியில் ஓர் ஒலி எழுந்தால் சில விநாடிகள் அடங்காமல் நிற்கிறது. ஆகவே சிறுவன் ஓர் அடியைப் பாடி முடித்து மூச்செடுக்கும் இடைவெளி வெறுமையாக இருப்பதில்லை. அவன் சற்றுமுன் பாடிய ஸ்வரமே கூரையிலிருந்து இறங்கி அந்த இடைவெளியை நிரப்புகிறது. அடுத்த அடியை அவன் தன் எதிரொலியின் மீதே பாடுகிறான். தம்பூரா இல்லாத இடத்தில் கல்லே தம்பூராவாகிறது என்று சொன்னால் மிகையாகாது.

ஆலயத்தின் நடுவே, எட்டாம் ஹென்றியின் காலத்தில் எழுப்பப்பட்ட செதுக்கு வேலைப்பாடு மிக்க மரத்தடுப்பு ஒன்று வெளிமண்டபத்தையும் உள்மண்டபத்தையும் பிரிக்கிறது. ஆர்கன் அதன் மேல் அமர்ந்திருக்கிறது. சிவப்பு அங்கிக்கு மேல் வெள்ளை மேலாடை அணிந்த பதினாறு சிறுவர்களும், அவர்களோடு கல்லூரி மாணவர்களான இளைஞர்களும் மேற்கு வாசலருகே நிற்கும்போது, உள்மண்டபத்தில் இருப்பவர்களுக்குத் தனிக்குரல் தடுப்புக்கு அப்பாலிருந்து மட்டுமே வருகிறது. பாடுபவனை அவர்களால் காண இயலாது. பிறகு சரணம் சரணமாகப் பவனி நகர்ந்து, தடுப்பின் வாயிலைக் கடந்து அவர்களை நெருங்குகிறது. வானொலியில் கேட்பவனும் இந்த உள்மண்டபத்து மக்களின் நிலையிலேயே இருக்கிறான்: காணாமல் கேட்கிறான், தொலைவிலிருந்து அருகே வருவதை உணர்கிறான். ‘கேரல்ஸ் ஃபிரம் கிங்ஸ்’ என்ற பெயரில் வரும் தொலைக்காட்சி நிகழ்ச்சி வேறு. அது முன்னரே பதிவு செய்யப்படுவது. நேரடியாக ஒலிபரப்பாவது வானொலி வழிபாடே. படத்தில் ஒரு சிறுவனின் முகம் தெரிகிறது. வானொலியில் முகமில்லை, அதனாலேயே அந்தக் குரல் எவருடைய பிள்ளையின் குரலாகவும் ஆகிவிடுகிறது. இவ்விரண்டில் வானொலியே உயர்ந்தது என்பதில் ஐயமில்லை.

இத்தனைக்கும் அடியில் ஒரு துயரம் இருக்கிறது. அதை அறியாமல் இந்தப் பாடலின் உருக்கத்தை முழுமையாக விளங்கிக்கொள்ள முடியாது. ஒன்பது பாடங்கள் என்ற அமைப்பு முதலில் கேம்பிரிட்ஜில் பிறந்ததன்று. இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையிலுள்ள ட்ரூரோ நகரில், பேராலயம் இன்னும் கட்டி முடிக்கப்படாத நிலையில், தற்காலிக மரக்கொட்டகையில், 1880 கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு பத்து மணிக்கு, ஆயர் எட்வர்ட் வைட் பென்சன் அதை முதலில் நடத்தினார். ஏதேன் தோட்டத்தில் மனிதன் விழுந்த கதை தொடங்கி, தீர்க்கதரிசிகளின் வாக்குகள் வழியாக, யோவான் நற்செய்தியின் முதல் அதிகாரம் வரை வேதத்தின் ஒன்பது பகுதிகளை ஒருவர்பின் ஒருவராக வாசிப்பதும், இடையிடையே கேரல்கள் பாடுவதுமே அந்த ஒழுங்கு. வாசிப்பவர்களின் வரிசையும் பொருள் பொதிந்தது: முதல் பாடத்தைப் பாடகர் குழுச் சிறுவன் வாசிப்பான், பிறகு படிப்படியாக உயர்ந்து, கடைசிப் பாடத்தைத் தலைமைப் பொறுப்பில் இருப்பவர் வாசிப்பார்.

அதைக் கிங்ஸ் கல்லூரிக்குக் கொண்டுவந்தவர் எரிக் மில்னர்-வைட். முதல் உலகப் போரில் படைகளோடு சென்ற குருவாகப் பணியாற்றி, சாகும் இளைஞர்களின் அருகில் இருந்துவிட்டு, 1918இல் கல்லூரி ஆலயத்தின் பொறுப்பை ஏற்றபோது அவருக்கு வயது முப்பத்து நான்கு. வகுப்பறைகளிலிருந்து போர்முனைக்குப் போன பலர் திரும்பவில்லை. போர் நின்று ஆறு வாரங்களே கடந்திருந்த அந்த ஆண்டு டிசம்பர் 24 அன்று அவர் இவ்வழிபாட்டை நடத்தினார். மரத்துப்போன மனங்களைத் தொடுவதற்குப் பழைய வழிபாட்டு முறைகள் போதா, எளிமையும் அழகும் வேண்டும் என்பது போர்முனையில் அவருக்கு உண்டான எண்ணம். வழிபாட்டின் தொடக்கத்தில் படிப்பதற்கென அவர் எழுதிய வேண்டுதல், ஏழைகளையும் குளிரில் நடுங்குவோரையும் துயருறுவோரையும் நினைக்கச் சொல்லி, முடிவில் மறுகரை சேர்ந்துவிட்டவர்களையும் நினைக்கச் சொல்கிறது. அந்த மறுகரை யாரைக் குறித்தது என்பதை அன்று அங்கே நின்ற எவருக்கும் விளக்க வேண்டியிருந்திராது.

மறு ஆண்டு, 1919இல், வழிபாட்டின் ஒழுங்கைத் திருத்தியபோதுதான் இந்தப் பாடல் தொடக்கத்துக்கு வந்தது. அன்றிலிருந்து இன்றுவரை அந்த இடத்தை அது விட்டுக்கொடுக்கவில்லை. 1876 முதல் அங்கே ஆர்கன் கலைஞராக இருந்த ஆர்தர் ஹென்றி மான் அதற்கு நான்கு குரல் இணைப்பை அமைத்தார். இளைஞர்களை இழந்துவிட்ட ஓர் அவையில், இன்னும் இளைஞனாகாத ஒருவன் முதலில் வாய் திறக்கிறான். அந்தச் சிறுவனின் குரல் ஓரிரு ஆண்டுகளில் உடைந்துபோகும்; அதை அவனும் அறிவான், அவனைப் பயிற்றுவிப்பவரும் அறிவார். நிலைத்திருக்கப் போகாத ஒன்று, தன் முழு அழகோடு ஒருமுறை ஒலித்து மறைகிறது. இந்தப் பாடலைக் கேட்டு வளர்ந்தவர்கள் கண்கலங்குவதை வெறும் பண்டிகை நெகிழ்ச்சி என்று ஒதுக்குவோர், இந்த உண்மையைக் கவனிக்கத் தவறுகின்றனர்.

பாடலின் சொற்கள்மீது ஒரு குறை கூறப்படுவதுண்டு. குழந்தைகள் இயேசுவைப் போலப் பணிவும் கீழ்ப்படிதலும் உடையவர்களாக இருக்க வேண்டும் என்ற விக்டோரியா காலத்து அறிவுரை அதன் நடுச் சரணங்களில் வெளிப்படையாக இருக்கிறது; இன்றைய செவிக்கு அது பெரியவர்களின் வசதிக்காகச் சொல்லப்பட்ட போதனையாகத் தோன்றுவது இயல்பே. குறை நியாயமானதுதான். ஆயினும் தனிக்குரல் பாடும் முதல் சரணத்தில் போதனை ஏதும் இல்லை. ஒரு தாய், ஒரு குழந்தை, குழந்தைக்குத் தொட்டிலாக ஒரு தீவனத்தொட்டி என்று, ஒரு சிறுவன் இன்னொரு சிறுவனிடம் சொல்லும் கதையாகவே அது நின்றுவிடுகிறது.

1928இல் பி.பி.சி. இவ்வழிபாட்டை ஒலிபரப்பத் தொடங்கி, 1930 நீங்கலாக ஆண்டுதோறும் தொடர்ந்து வருகிறது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், குண்டுவீச்சுக்கு அஞ்சி, பதினாறாம் நூற்றாண்டின் வண்ணக் கண்ணாடிகள் சாளரங்களிலிருந்து கழற்றி எடுக்கப்பட்டிருந்தன; கதகதப்பூட்டும் வசதியும் இல்லை; பகைவர் அறியக்கூடாதென்று ஒலிபரப்பில் கல்லூரியின் பெயரும் சொல்லப்படவில்லை. பெயரில்லாத ஓர் இடத்திலிருந்து, முகமில்லாத ஒரு சிறுவன், குளிரில் நின்று பாடினான். 2020இல் கொரோனா பெருந்தொற்றின்போது மக்கள் கூட்டம் இன்றி வழிபாடு நடந்ததோடு, நேரடி ஒலிபரப்புக்குப் பதில் முன்னரே பதிவு செய்யப்பட்டதே ஒலித்தது. அடுத்து வந்த ஆண்டுகளில் நேரடி ஒலிபரப்பு திரும்பியது. இன்று க்ளியோபரியின் இடத்தில் இருப்பவர் டேனியல் ஹைட்.

ஆண்பிள்ளைகள் மட்டுமே கிங்ஸ் குழுவில் பாடுகின்றனர் என்பது இன்று விவாதத்துக்குரிய செய்தி. சால்ஸ்பரி பேராலயத்தில் 1991 முதல் சிறுமியர் குழு பாடி வருகிறது. மற்றப் பேராலயங்கள் பலவும் அவ்வழியே சென்றுள்ளன. சிறுமியர் குரலும் இந்தப் பாடலைக் குறைவின்றித் தாங்கும் என்பதை அவை காட்டிவிட்டன. பழமையைக் காப்பதற்கும் கதவைத் திறப்பதற்கும் இடையே கல்லூரி என்ன முடிவு செய்தாலும், பாடலின் உருக்கம் பாடுவது ஆணா பெண்ணா என்பதைச் சார்ந்ததன்று. இளமையையும் தனிமையையும் நேர்மையான சுருதியையும் சார்ந்தது.

இவ்வழிபாட்டு ஒழுங்கு கேம்பிரிட்ஜோடு நின்றுவிடவில்லை. ஆங்கிலிக்கன் மரபின் வழியே அது பல நாடுகளுக்கும் பரவியது. தமிழ்நாட்டிலும் தென்னிந்தியத் திருச்சபையின் ஆலயங்களில் டிசம்பர் மாதத்தில் ஒன்பது பாடங்களோடு கேரல் ஆராதனை நடைபெறுவதைக் காணலாம். அங்கே மின்விளக்குகள் அணைக்கப்பட்டு மெழுகுவர்த்திகள் ஏற்றப்படும்போது, வாசலில் காத்து நிற்கும் பாடகர் குழுவைத் திரும்பிப் பார்க்கும் பலருக்கு, தாங்கள் பார்ப்பது ட்ரூரோவின் மரக்கொட்டகையிலும் ஒரு போரின் இறுதியிலும் உருவான ஒழுங்கு என்பது தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

கேம்பிரிட்ஜில் டிசம்பர் இறுதியில் மாலை நான்கு மணிக்கு முன்பே கதிரவன் மறைந்துவிடுவதால், வழிபாடு தொடங்கும்போது சாளரங்களில் எஞ்சியிருக்கும் வெளிச்சம், முடியும்போது இருப்பதில்லை. வழிபாடு தொடங்கும்போது இந்தியாவிலும் இலங்கையிலும் இரவு எட்டரை மணி. டிசம்பர் 24 இரவு எட்டரைக்கு முன்பே பி.பி.சி. உலகச் சேவையை இணையத்தில் திறந்து வைத்துக்கொண்டு, வீட்டில் மற்ற ஓசைகளை நிறுத்திவிட்டு, அந்த முதல் சரணம் முடியும்வரையேனும் அமைதியாக இருந்து கேளுங்கள். கிறிஸ்தவராக இருக்க வேண்டியதில்லை, ஆங்கிலம் முழுவதும் புரிய வேண்டியதுமில்லை; கீழ்ப் பஞ்சமத்தில் அந்தக் குரல் தொடங்கும் இடத்தைத் தவறவிடாமல் இருந்தால் போதும்.